வரப்பில் பூ இருக்கட்டும்

“பூசணிக் கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. பூவும் நிறைய இருக்கிறது. ஆனால் பிஞ்சு வெம்பி விழுகிறது. எந்த மருந்து அடிக்கலாம்?” ஆண்டு முழுவதும் ஓயாமல் வரும் கேள்வி இது. மாடியில் நாலு பையில் கொடி வைத்தவர்களும் கேட்கிறார்கள். ஏக்கர் கணக்கில் பந்தல் போட்டவர்களும் கேட்கிறார்கள். மருந்துக் கடையில் இதற்கு உடனே பதில் கிடைத்துவிடும். ஏதாவது ஒரு வளர்ச்சி ஊக்கி பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்கள். நாம் சொல்லும் பதிலுக்குச் செலவு கிடையாது. நாளைக் காலை ஆறு மணிக்குக் கொடியின் பக்கத்தில் கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். பூவுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஒருவரும் வரவில்லை என்றால் உங்கள் கேள்விக்கு விடை அதுதான்.

பூசணி, பாகல், சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி ஆகிய கொடிக் காய்களில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் ஆண்பூக்கள்தான் வரும்; அவை உதிர்வது இயல்பு, அதற்குக் கவலைப்பட வேண்டாம். பிறகு வரும் பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்கும். அது காயாக வேண்டுமானால் ஆண்பூவின் மகரந்தம் அங்கே போய்ச் சேர வேண்டும். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது. யாராவது சுமந்துதான் வர வேண்டும். அதுவும் ஒரு துகள் இரண்டு துகள் போதாது. காயில் ஒரு விதை உருவாக ஒரு மகரந்தத் துகள் வேண்டும். ஒரு பூசணிக்குள் எத்தனை விதை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தேனீ ஒருமுறை வந்து போனால் அந்தக் கணக்கு முடியாது. பல முறை வர வேண்டும், அதுவும் பூ மூடுவதற்குள். பூசணிப் பூ விடியும் முன்பே விரிந்து, வெயில் ஏறும்போது சுருங்கிவிடும். அதற்கு மறுநாள் கிடையாது.

வருகை குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் காயே காட்டிவிடும். மகரந்தம் சேராத பிஞ்சு சில நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒருபக்கம் பெருத்து ஒருபக்கம் சூம்பிப் போகும். கோணல் வெள்ளரியும் வால் மெலிந்த சுரைக்காயும் பெரும்பாலும் இப்படி வருபவைதான். விழுந்த பிஞ்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. கருவாட்டுப் பொறியோ இனக்கவர்ச்சிப் பொறியோ வைக்க வேண்டியதுதான். புழுவும் இல்லை, துளையும் இல்லை, பிஞ்சு வெறுமனே வற்றியிருக்கிறது என்றால், தண்ணீர்க் குறை, சத்துக் குறை ஆகியவற்றோடு மகரந்தச் சேர்க்கையையும் சந்தேகிக்க வேண்டும். பலர் கடைசியில் சந்தேகிப்பது இதைத்தான்.

கொடியில் பெண்பூ அதிகம் வர எத்ரல் தெளிக்கச் சொல்வது வழக்கத்தில் உள்ள பரிந்துரை. விதைத்த 15ஆம் நாளில் தொடங்கித் தெளிக்கிறோம், பெண்பூவும் கூடுகிறது. ஆனால் கூடிய பெண்பூவுக்கு மகரந்தம் கொண்டுவர ஆள் இல்லை என்றால் உதிரும் பிஞ்சின் எண்ணிக்கைதான் கூடும். பந்தி போட்டு இலை விரித்துவிட்டுப் பரிமாற ஆள் வைக்காத கல்யாணம் மாதிரி.

எல்லாக் கொடிகளுக்கும் நேரம் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பூசணி, பாகல், வெள்ளரி விடியலில் விரிபவை. சுரை, புடலை, பீர்க்கு அந்தியில் விரிபவை. சுரைப்பூவும் புடலைப்பூவும் வெள்ளையாக இருப்பது காரணமில்லாமல் இல்லை. இருட்டில் தெரியும் நிறம் அது. அவற்றைத் தேடி வருபவை அந்துப்பூச்சிகள். அவற்றில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று பூவின் முன் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சு குழலை நீட்டித் தேன் குடிக்கும். பார்ப்பவர்கள் தேன்சிட்டு என்று நினைத்துவிடுவார்கள். பீர்க்கம்பூவுக்கு அந்தி மயங்கும் நேரத்தில் தேனீக்களும் வருவதுண்டு.

இதனால் ஒரு சிக்கல் இருக்கிறது. “தேனீக்களைக் காக்க மாலையில் மருந்தடியுங்கள்” என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. பூசணிக்கும் வெள்ளரிக்கும் சூரியகாந்திக்கும் எள்ளுக்கும் அது சரி. சுரைக்கும் புடலைக்கும் பீர்க்குக்கும் அது சரியல்ல. அங்கே மாலை ஐந்து மணிக்கு மருந்தடித்தால் பூ விரியும் நேரத்தில், விருந்தாளி வரும் நேரத்தில் அடிக்கிறோம் என்று பொருள். இந்த மூன்று கொடிகளிலும் பூ வந்தபின் தெளிப்பைக் கூடிய மட்டும் தவிர்க்க வேண்டும். தவிர்க்கவே முடியாத நிலை வந்தால் முந்தைய இரவின் பூக்கள் வாடிய பிறகு, புதுப் பூ விரிவதற்குப் பல மணி நேரம் முன்பாக அடிப்பதே குறைந்த தீங்கு. பக்கத்தில் பகலில் பூக்கும் பயிர் இருந்தால் அதுவும் முடியாது. ஒரே தோட்டத்தில் பூசணியும் சுரையும் வைத்திருப்பவர்கள் பொறி, கையால் பொறுக்குதல் போன்ற வழிகளைத்தான் முதலில் நாட வேண்டும்.

இனி கத்தரிக்கு வருவோம். கத்தரிப்பூவின் நடுவே மஞ்சள் குழல்கள் கூம்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மகரந்தம் அந்தக் குழல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நுனியில் உள்ள சிறு துளை வழியாக மட்டுமே, உப்புக் குலுக்கியிலிருந்து உப்பு விழுவது போல, அது வெளியே வரும். குலுக்க வேண்டியது யார்? பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டு என்று ஊரில் சொல்லும் பெரிய கரிய தேனீக்கும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட சிறிய தேனீக்கும் தெரியும். அவை பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். ‘உய்ங்’ என்று சட்டென ஒரு சத்தம் எழும்; மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். தக்காளிப்பூவும் இதே அமைப்புதான். ஆவாரம்பூவிலும் கொன்றையிலும் இப்படித்தான் நடக்கிறது. கத்தரியும் தக்காளியும் காற்றின் ஆட்டத்திலேயே ஓரளவு காய்த்துவிடும் என்பது உண்மை. அதிரவைக்கும் தேனீ வந்தால் காய்ப்பு கூடும், காயும் திரட்சியாக இருக்கும். மேலைநாட்டுப் பசுமைக் குடில்களில் தக்காளிச் செடியைக் கையால் அதிரவைக்க ஆள் வைத்திருந்தார்கள். 1980களின் இறுதியில் அந்த வேலைக்கென்றே ஒரு வகைப் பெருந்தேனீயை வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். நம் கத்தரித் தோட்டத்துக்கு அந்த வேலைக்காரர் சம்பளம் இல்லாமல் வந்துகொண்டிருக்கிறார். நாம்தான் கருவண்டைக் கண்டால் துடைப்பத்தை எடுக்கிறோம்.

முருங்கைப் பூவிலும் இந்தக் கருவண்டு நல்ல வேலைக்காரர். துவரைக்கு இலைவெட்டித் தேனீ. ரோஜா இலையில் வட்டமாக, கத்தரிக்கோலால் நறுக்கியது போல் துண்டுகள் காணாமல் போயிருக்கும். புழு என்று நினைத்துப் பலர் மருந்தடிக்கிறார்கள். அந்த இலைத் துண்டைச் சுருட்டித் தன் முட்டைக்குத் தொட்டில் செய்யும் தேனீ அது. செடிக்கு அதனால் பெரிய நட்டம் கிடையாது. மாம்பூவுக்குப் பெரும்பாலும் ஈக்கள். சீதாப்பழத்துக்குச் சின்னஞ்சிறு வண்டுகள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே வைக்கும் கோகோவுக்கு, அழுகும் இலைச் சருகில் பிறக்கும் கொசு அளவுப் பூச்சி; அதற்காகவே வாழைத்தண்டைத் துண்டுபோட்டுத் தோப்பில் அழுகவிடும் பழக்கம் கோகோ விளையும் நாடுகளில் உண்டு. அபூர்வமாக நடப்பதை ‘அத்தி பூத்தது போல’ என்கிறோம். அத்தி அடிக்கடி பூக்கத்தான் செய்கிறது. பூ காய்க்குள்ளே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அதற்குள் நுழையும் குட்டிக் குளவிக்குத் தெரிகிறது.

ஆள் மாறினால் விளைச்சல் எப்படி மாறும் என்பதற்கு மலேசியாவின் எண்ணெய்ப் பனையைச் சொல்லலாம். ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தை மட்டும் கொண்டுபோய் நட்டார்கள். அதன் பூச்சியைக் கொண்டுபோகவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். கையால் தூவும் வேலை முடிந்துபோனது.

2007இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு 115 முக்கிய உணவுப் பயிர்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் 87 பயிர்களில் காய், கனி, விதை விளைச்சல் ஏதோ ஓர் அளவுக்கு உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருப்பதாக அது சொன்னது. நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் இந்தக் கணக்கில் வராது. தேனீ அழிந்தால் மனிதன் சோறில்லாமல் சாவான் என்று மேடையில் பேசுவது மிகை. சோறு இருக்கும், தொட்டுக்கொள்ளக் காய்தான் அரிதாகும், விலை ஏறும்.

இதற்கு அரசு வைத்திருக்கும் மருந்து தேனீப் பெட்டி. 2020இல் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்டது. பெட்டிக்கு மானியம், பயிற்சி, தேன் பதப்படுத்தும் வசதி எல்லாம் உண்டு. தேனீ வளர்ப்பை இந்தப் பக்கம் என்றும் வரவேற்றிருக்கிறது. சூரியகாந்தி போட்டவர்களுக்குப் பெட்டி வைப்பது கைமேல் பலன் தரும். அது இல்லாதபோது பூத்தட்டுகளை ஒன்றோடொன்று உரசியும், மெல்லிய துணியால் ஒத்தியெடுத்தும் காலை நேரத்தில் அவர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். ஆனால் மகரந்தச் சேர்க்கை என்றால் பெட்டி, பெட்டி என்றால் தேன் என்று கதையை முடித்துவிடுவது ஆபத்து.

அந்த ஆபத்தைத் தமிழகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. மார்த்தாண்டத்தைச் சுற்றிய தேனீ வளர்ப்பு நெடுநாள் பெயர் பெற்றது. ரப்பர் மரம் புதுத் தளிர் விடும் மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கும் தேனை நம்பி நடக்கும் தொழில் அது. அங்கே வளர்த்தவை நம் நாட்டு அடுக்குத் தேனீக்கள். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பெயர் கொண்ட வைரஸ் நோய் ஒன்று தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் கூட்டுக்குள்ளேயே பை போல உப்பிச் செத்தன. குமரியிலும் கேரளத்திலும் பெட்டிகளில் பெரும்பகுதி காலியானது. எத்தனையோ குடும்பங்கள் தொழிலையே விட்டன. ஒரே ஓர் இனத்தை, ஒரே வகைப் பெட்டியை நம்பியிருந்தால் ஒரு நோய் போதும். பெட்டிக்கு வெளியே இருக்கும் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் சுவர்ப் பொந்துக் கொசுத்தேனீயும் இலைவெட்டியும் அந்துப்பூச்சியும் ஈயும் சேர்ந்துதான் அந்த மாதிரி நாள்களில் தோட்டத்தைத் தாங்கும். அவற்றுக்கு மானியம் இல்லை, பெட்டி இல்லை, உரிமையாளரும் இல்லை. அவை கேட்பது இரண்டுதான்: பயிர் பூக்காத மாதங்களில் சாப்பாடு, கூடு வைக்க இடம்.

இரண்டையும் தந்துகொண்டிருந்தது வரப்பு. நம் வாதமே இதுதான். பெட்டிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது வரப்புக்கும் வேலிக்கும் கொடுக்க வேண்டும்.

பூசணி பூப்பது ஒன்றிரண்டு மாதம். தேனீயின் குடும்பம் நடப்பது ஆண்டு முழுவதும். நடுவில் அது எதைத் தின்னும்? மழைக்காலத்தில் பூ குறையும்போது பெட்டி வைத்திருப்பவர் சர்க்கரைப் பாகு வைப்பார். காட்டுத் தேனீக்கு யார் வைப்பார்கள்? தும்பையும் துளசியும் வெட்டுக்காயப் பூண்டும் நெருஞ்சியும் கொழிஞ்சியும்தான் அந்தச் சர்க்கரைப் பாகு. கோடையில் வேம்பும் புங்கமும், அதன் பின் புளியும். சிறு தேனீக்கள் வெகுதூரம் பறக்க முடியாதவை. கொசுத்தேனீயின் உலகம் சில நூறு மீட்டர்தான். அந்த வட்டத்துக்குள் பூ இல்லை என்றால் அதற்குப் பஞ்சம்தான்.

இன்று வரப்பில் என்ன இருக்கிறது? களைக்கொல்லி அடித்துக் கருகிய புல். முன்பு மண்வெட்டியால் செதுக்கினார்கள். ஆள் கூலி ஏறியபின் ஒரு டேங்க் மருந்தில் வேலை முடிகிறது. அதைக் குறை சொல்ல முடியாது, கூலி கொடுப்பவருக்குத்தான் வலி தெரியும். ஆனால் செதுக்கிய வரப்பில் மூன்றாவது வாரம் தும்பை மறுபடி முளைத்தது. திரும்பத் திரும்ப மருந்தடித்த வரப்பில் முளைப்பதில்லை. வேலியும் போய்விட்டது. கொங்குக் கொரங்காடுகளைச் சுற்றி நின்ற கிளுவை வேலியில் எத்தனையோ கொடிகள் ஏறிப் பூத்தன. இப்போது கல்தூணும் முள்கம்பியும். பந்தலுக்கு மூங்கில் கால் போய் கல்தூண் வந்தது. கருவண்டு துளைத்துக் குடியிருந்த வீடு போனது. மண்சுவர் போய்ச் சிமெண்டுச் சுவர் வந்தது. நீலப்பட்டைத் தேனீயின் வீடு போனது. பாத்தி முழுக்கப் பிளாஸ்டிக் நிலப்போர்வை விரித்தால் மண்ணில் வளை தோண்டும் தேனீக்கு அங்கும் இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் இருக்கிறது. எல்லாம் ஒரே இருபது ஆண்டில் நடந்ததுதான் சிக்கல். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் கிராமங்கள் வந்துவிட்டன. வரப்போரம் கிடந்த செடி அது.

இதைச் சொன்னால் அனுபவமுள்ள விவசாயிகள் எதிர்க்கேள்வி கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். வரப்பில் களை விட்டால் பூச்சி தங்காதா, எலி தங்காதா, பாம்பு வராதா? தங்கும். துத்தியில் மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் தங்குவது உண்மை. பருத்தி, பப்பாளி போட்டவர்கள் அதை அருகில் விடக் கூடாது. பார்த்தீனியத்தை எங்கே கண்டாலும் பூக்கும் முன் பிடுங்க வேண்டும். சீமைக் கருவேலம் தேனீக்கு நிறையப் பூக்கொடுக்கும் மரம்தான். அதற்காக அதை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, ஆனால் வெட்டிய இடத்தைப் பொட்டலாக விடாமல் புங்கனோ நாவலோ நட வேண்டும். வரப்பைக் காடாக விடுங்கள் என்பது நம் யோசனை அல்ல. எதை விடுவது, எதை எடுப்பது என்று தெரிந்து செய்யுங்கள் என்பதுதான். நடக்கும் வரப்பு சுத்தமாக இருக்கட்டும். எல்லை வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பூ இருக்கட்டும். எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒரு பக்கம் வெட்டி அது துளிர்த்துப் பூத்தபின் மறுபக்கம் வெட்டலாம். பூத்து விதை முற்றும் முன் அறுத்தால் வயலுக்குள் களையும் பரவாது.

எலிக்குப் பயந்தால் களைக்குப் பதில் பயிரே வைக்கலாம். நெல் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் எள்ளும் செண்டுமல்லியும் போடச் சொல்லும் பரிந்துரை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே உண்டு. அங்கே நோக்கம் வேறு: தண்டுத்துளைப்பான் முட்டையைத் தின்னும் குளவிகளுக்கும் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் இடம் கொடுப்பது. அந்தக் குளவிகளுக்கும் தேன்தான் சாப்பாடு. தேனீக்கு வைத்த பூ அவற்றுக்கும் ஆகும். மருந்துச் செலவில் கொஞ்சம் குறையும். நெல்லுக்குச் சொன்னதைக் காய்கறிக்கும் தோப்புக்கும் விரித்துச் சொல்ல, தோட்டக்கலைத் துறைக்குப் புது ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. காய்கறி விதை மானியப் பொட்டலத்தோடு ஒரு கைப்பிடி எள், சணப்பை, துளசி விதை வைத்துக் கொடுத்தால் போதும். சாலையோரம் சுத்தம் செய்யும் ஊராட்சி வேலையில் ஆவாரையையும் தும்பையையும் குப்பைச் செடிகளோடு சேர்த்துச் சுரண்டி எடுப்பதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். அதற்கு ஓர் ஆணை போதும், நிதி வேண்டாம்.

மருந்து விஷயத்தில் அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு பெட்டிக் குறி இருக்கும். பச்சை என்றால் ஆபத்தில்லை என்று வாங்கி அடிக்கிறார்கள். அந்த நிறம் 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி, வாய்வழியாகவோ தோல்வழியாகவோ ஆய்வக விலங்கின் உடலில் சேர்ந்தால் எவ்வளவு நஞ்சு என்பதை வைத்துத் தீர்மானிக்கப்படுவது. மனிதனுக்கு உடனடி ஆபத்து எவ்வளவு என்று அது சொல்லும். தேனீக்கு என்ன ஆகும் என்று சொல்லாது. மனிதனுக்கு நஞ்சு குறைவாகவும் தேனீக்கு மிக அதிகமாகவும் உள்ள மருந்துகள் உண்டு. இமிடாகுளோபிரிட் போன்றவை செடியின் சாற்றில் ஏறி, மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேர்பவை. பூ வருவதற்கு முன்பே அடித்தாலும் பூவில் இருக்கக் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் அதே குடும்பத்தின் இன்னும் இரண்டையும் திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. நாம் நாளையே தடை கேட்கவில்லை. டப்பாவின் முகப்பில், கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒரு தேனீப் படம், ‘பூக்கும்போது அடிக்காதே’ என்று தமிழில் நாலு சொல், இதைத்தான் கேட்கிறோம். இப்போது அந்த எச்சரிக்கை இருந்தாலும் உள்ளே மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

இயற்கை வழி மருந்தென்றால் கவலை இல்லை என்ற எண்ணமும் சரியல்ல. ஸ்பினோசாட் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. ஆனால் தெளித்த ஈரம் காயும் வரை தேனீக்குக் கொடிய நஞ்சு. மிளகாய்-பூண்டுக் கரைசலையும் வேப்பெண்ணெயையும்கூடப் பூவின் மேல் அடிக்க வேண்டியதில்லை. இலைக்கு அடியில் அடிக்கத்தானே சொல்கிறார்கள், அங்கேதானே பூச்சி இருக்கிறது?

மாடித் தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். நகரத்து மொட்டை மாடியில் தேனீ குறைவாக இருந்தால், பூசணி, சுரை, புடலைக்கு நீங்களே தேனீயாகலாம். அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி எடுத்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணிக்குக் காலை எட்டு மணிக்குள், சுரைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில். கத்தரி, தக்காளிப் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டால் போதும். நாலு செடிக்கு இது சரி. நிரந்தர வழி வேண்டுமென்றால் பைகளில் ஒன்றிரண்டைக் காய்க்கு ஒதுக்காமல் துளசிக்கும் ஒற்றையடுக்குச் செண்டுமல்லிக்கும் கொடுங்கள். ஒற்றையடுக்கு என்பது முக்கியம். பந்து போல அடுக்கடுக்காக இருக்கும் கலப்பினப் பூவில் தேனீக்கு எடுக்கக் கிடைப்பது மிகக் குறைவு. கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். துளசி கதிர் விட்டதும் கிள்ளிப் போடும் பழக்கத்தை ஒரு செடியிலாவது விட்டுவிடுங்கள். நீலப்பட்டைத் தேனீ நகரத்துக்குள்ளும் துளசிக் கதிரைத் தேடி வரும். மாலையில் அந்தத் தேனீயின் ஆண்கள் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்குவதைப் பார்த்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கொட்ட மாட்டா. ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது.

நிலம் உள்ளவர்கள் இந்த ஆடிப் பட்டத்திலேயே தொடங்கலாம். தென்மேற்கு மூலையிலோ வாய்க்கால் கரையிலோ ஒரு பத்தடி நீளத்தை உழாமல், மூடாமல், மருந்தில்லாமல் வெறும் மண்ணாக விடுங்கள்; மண்ணில் வளை தோண்டுபவை அங்கே வரும். பந்தல் காலை மாற்றினால் பழைய மூங்கிலை அடுப்புக்கு அனுப்பாமல் ஒன்றிரண்டை வேலியோரம் மழை படாமல் கட்டி வையுங்கள். புது வேலி போடுகிறவர்கள் கம்பியை ஒட்டி நொச்சியும் ஆடாதொடையும் போத்து வெட்டி நடலாம். இரண்டையும் ஆடு கடிக்காது, இரண்டும் பூக்கும். ஆடாதொடைப் பூ கருவண்டுக்கு மிகப் பிடித்தது. ஆவாரை வேண்டுமானால் காய்ந்த நெற்றை இப்போதே சேகரித்துவிடுங்கள். விதைத்தோல் கெட்டியானது, அப்படியே போட்டால் முளைப்பு குறையும். கரடுமுரடான தரையில் லேசாகத் தேய்த்தோ, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஆறவிட்டு ஓர் இரவு ஊறவைத்தோ, முதல் மழை ஈரத்தில் எல்லை வரப்பில் ஊன்றுங்கள். முதல் ஆண்டு ஆட்டிடமிருந்தும் களைக்கொல்லி அடிக்கும் ஆளிடமிருந்தும் காப்பாற்றினால் பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்.